நிழலின் பெயர்

(நூலக வார விழாவை ஒட்டி, வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பதின்மூன்று வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட அறிவியல் புனைகதைகளையும் மாயப் புனைகதைகளையும் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். முன்வரிசைகளில் பெற்றோர்களும் ஆசிரியர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். பிள்ளைகள் பின்னால் சுவரோரம் நிற்கிறார்கள். நான் சொல்ல வந்ததில் பெரும்பகுதி முன்வரிசைக்குத்தான்.

ஒரு பையனின் கதையிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் இருபத்திரண்டு மதிப்பெண். ரேங்க் கார்டை அப்பாவிடம் காட்டாமல் தானே கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்துவிட்டான். அழகான கையெழுத்து. ஆனால் அவன் அப்பா கைநாட்டு வைக்கிறவர். ஊர்க்காரி என்பதால் எனக்குத் தெரியும். பழைய கார்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஆறாம் வகுப்பிலிருந்தே அதே கையெழுத்து. நல்ல மதிப்பெண் வாங்கிய பருவங்களிலும் அவனேதான் போட்டிருக்கிறான். அவன் மறைத்தது மதிப்பெண்ணை இல்லை என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. விஷயம் தலைமையாசிரியர் அறைக்குப் போனது. அப்பாவை வரவழைத்தார்கள். பையன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேசை மேல் ஸ்டாம்ப் பேடை அவர் பக்கம் நகர்த்தினார்கள். நானும் அந்த அறையில் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவன் யாரோடும் பேசவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பான், அவ்வளவுதான்.

அந்த நாட்களில் சனிக்கிழமை பிற்பகல்களில் எங்கள் கிளை நூலகத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு நாவலைப் படித்துச் சொல்லத் தொடங்கியிருந்தேன். தமிழ்வழிப் பிள்ளைகள். ஆங்கிலத்தில் ஒரு பத்தி படிப்பேன், அதையே தமிழில் சொல்வேன். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968ல் எழுதிய எர்த்ஸீ வரிசையின் முதல் நாவல் அது. அந்தப் பையனும் வந்து பீரோ ஓரத்தில் கடைசி நாற்காலியில் உட்காருவான்.

நாவலின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முழுக்க முழுக்கத் தீவுகளால் ஆன ஓர் உலகம். லெ குவின் முதலில் அதன் வரைபடத்தை வரைந்துவிட்டுத்தான் கதையை எழுத உட்கார்ந்தார். கோன்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்க்கும் பையன் ஒருவனுக்கு மந்திரம் கைவருகிறது. ஓகியன் என்ற பெரியவர் அவனைச் சீடனாக ஏற்கிறார். பொறுமையில்லாத பையன், அவரை விட்டுவிட்டு ரோக் தீவில் இருக்கும் மந்திரப் பள்ளிக்குப் போகிறான். அங்கே மூத்த மாணவன் ஒருவனின் ஏளனம் தாங்காமல், தன் திறமையைக் காட்ட, என்றோ இறந்துபோன ஒரு பெண்ணின் ஆவியை அழைக்கிறான். அவள் வருகிறாள். அவளுக்குப் பின்னால், திறந்த வெடிப்பின் வழியே, பெயரில்லாத ஒரு நிழலும் வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. வெடிப்பை மூடுவதற்குத் தன் சக்தி முழுவதையும் செலவழித்துத் தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார்.

கெட் என்ற அந்தப் பையனுக்கு அப்போது மீசைகூடச் சரியாக அரும்பியிருக்காது. அவனுடைய ஒரு நிமிட ரோஷத்துக்கு ஒரு பெரிய மனிதர் செத்துப்போனார். மன்னிப்புக் கேட்பதற்கு அவர் இல்லை. கன்னத்தில் வடு, நாக்கில் தடுமாற்றம், வெளியே எங்கோ அவனுக்காகக் காத்திருக்கும் ஒரு நிழல். இவ்வளவும் நாவலின் முதல் பாதி முடிவதற்குள் நடந்துவிடுகிறது. மீதிக் கதை முழுவதும் அதன் பின்விளைவுதான்.

என் கருத்தும் இதுதான். இந்த வகை நாவல்களில் நல்லவை எல்லாம், ஒரு பதின்வயதுப் பிள்ளை செய்த தவறை அதன் முழுக் கனத்தோடு எடுத்துக்கொள்கின்றன. குழந்தைக் கதையில் தவறு செய்தால் கடைசிப் பக்கத்தில் அம்மா அணைத்துக்கொள்வாள். பெரியவர்களின் நாவலில் தவறு பழகிப்போன ஒன்று. நடுவே ஒரு வயது இருக்கிறது. தான் செய்த காரியத்தை அப்பாவாலும் அம்மாவாலும் சரிசெய்ய முடியாது என்று ஒரு பிள்ளைக்கு முதன்முதலாகத் தெரியவரும் வயது. அந்த ராத்திரியில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார ஒரு புத்தகம் வேண்டும். டிராகனும் விண்கலமும் அதற்குப் பிறகுதான்.

ரோக் பள்ளி கெட்டைத் துரத்திவிடவில்லை. புதிய தலைமை மந்திரவாதி அவனை வரவழைத்து, நீ செய்தது இன்னது, கர்வத்தாலும் வெறுப்பாலும் செய்தாய் என்று மறைக்காமல் சொல்கிறார். ஆறுதல் வார்த்தை கிடையாது. ஆனால் படுக்கையும் பாடமும் அவனுக்கு உண்டு. அப்புறம் ஒரு காட்சி. அந்தப் பள்ளியில் படிப்பு முடித்துக் கிளம்பும் நண்பன் வெட்ச், ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருக்கும் கெட்டிடம் விடைபெற வருகிறான். அப்போது தன் மெய்ப்பெயரை அவனுக்குச் சொல்லிவிட்டுப் போகிறான்.

எர்த்ஸீயில் ஒருவருடைய மெய்ப்பெயர் தெரிந்தால் அவர்மேல் முழு ஆதிக்கம் கிடைத்துவிடும். அதனால் யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். ஊர் கூப்பிட வேறு பெயர் வைத்துக்கொள்வார்கள். இந்தப் பகுதியை அமெரிக்கப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவார்களோ எனக்குத் தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கவே தேவைப்படவில்லை. வீட்டில் ஒரு பெயர், ரெஜிஸ்டரில் ஒரு பெயர், தெருவில் ஒரு பட்டப்பெயர் என்று மூன்று பெயரோடு வளர்கிற பிள்ளைகள். என் பாட்டி சாகும்வரை தாத்தாவின் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என்னை முன்னால் தள்ளிச் சொல்லச் சொல்வாள். பெயருக்குச் சக்தி உண்டு என்பது நம் வீட்டுச் சமாச்சாரம். வெட்ச் தன் பெயரைச் சொன்ன இடத்தை நான் படித்தபோது, ஒரு பெரிய மனிதரைக் கொன்றவன் என்று தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறவனிடம் போய் இந்தா, என் உயிரை வைத்துக்கொள் என்று ஒருவன் சொல்கிறான் என்பது அந்த அறைக்குப் புரிந்தது. யாரும் நாற்காலியை நகர்த்தவில்லை.

கெட் அதன் பிறகு அந்த நிழலுக்குப் பயந்து தீவு தீவாக ஓடுகிறான். ஓடிக் களைத்துப் பருந்து உருவில் பழைய குரு ஓகியனிடமே வந்து சேர்கிறான். அவர் சொல்வது ஒன்றே ஒன்று: திரும்பி நில். துரத்தப்படுகிறவன் துரத்துகிறவனாக மாறுகிறான். கிழக்கே, வரைபடத்தின் கடைசித் தீவையும் தாண்டி, கடலின் நடுவில் அதை எதிர்கொள்கிறான். அவனும் அதுவும் ஒரே நேரத்தில் வாய் திறந்து ஒரே பெயரைச் சொல்கிறார்கள்: கெட்.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு பீரோ ஓரத்துப் பையன் எழுந்திருக்கவில்லை. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவனாகப் பேசினான். "டீச்சர், அந்த நெழலுக்கு எதுக்கு அவன் பேரே?" நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் நாற்காலியை மேசைக்கு உள்ளே தள்ளிக்கொண்டே அவனே சொன்னான். "அவன் செஞ்சதுதானே டீச்சர். வேற யார் பேரு வரும்?"

அடுத்த பருவத்து ரேங்க் கார்டில் நீல மையில் கைநாட்டு இருந்தது. அதன் கீழே அப்பாவின் முழுப் பெயரைத் தலைப்பெழுத்தோடு அவன் எழுதியிருந்தான். நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்குத் தலைமையாசிரியர் அறையில் நான் வாய் திறக்காமல் நின்றது தப்பு என்று சொன்னேன். தலையை ஆட்டினான்.

எர்த்ஸீயைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள் சொல்லியாக வேண்டும். கெட் செம்பழுப்பு நிறத்தவன். வெட்ச் நல்ல கறுப்பு. தீவுக்கூட்டத்து மக்களில் பெரும்பாலோர் கறுப்போ பழுப்போ. மானுடவியலாளரான ஆல்ஃப்ரட் க்ரோபரின் மகள் லெ குவின். வெள்ளைக்காரப் பையன்களே நாயகர்களாக இருந்த ஒரு துறையில் தெரிந்தே இப்படி எழுதினார். எங்கள் பிள்ளைகள் முதல் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்: "நம்ம கலர், டீச்சர்." ஆனால் பல பதிப்புகளின் அட்டையில் அவனை வெள்ளையாக்கினார்கள். 2004ல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் ஒரு வெள்ளை நடிகரையே கெட்டாகப் போட்டார்கள். லெ குவின் அதைக் கண்டித்து வெளிப்படையாக எழுதினார்.

இரண்டாவது செய்தி எனக்கு இன்னும் முக்கியமானது. முதல் மூன்று எர்த்ஸீ நாவல்கள் 1968, 1971, 1972ல் வந்தன. அந்த உலகில் பெரிய மந்திரம் ஆண்களுக்கு மட்டுமே. ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. கிராமத்து மந்திரக்காரியின் வித்தையை மட்டமாகப் பேசும் பழமொழிகூட அந்த ஊரில் உண்டு. எழுதும்போது லெ குவினுக்கு இது உறுத்தவில்லை. வீரகதை மரபு அப்படித்தான் இருந்தது, அதன் வழியே அவரும் போனார். பின்னால் உறுத்தியது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990ல், 'டெஹானு' என்ற நான்காம் நாவலோடு அதே தீவுக்குத் திரும்பினார். பழைய புத்தகங்களில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. அதே கெட், இப்போது மந்திரம் எல்லாம் இழந்தவன். இரண்டாம் நாவலின் நாயகி டெனார், இப்போது நடுவயது விதவை, பண்ணைக்காரி. தீயில் எரிக்கப்பட்ட ஒரு சிறுமி. யாருடைய சக்தியை இத்தனை நாள் சக்தி என்று நினைத்தோம் என்று கதை கேட்கிறது. 1992ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய ஓர் உரையில் தன் பழைய பார்வையைத் தானே பிரித்துப் பேசினார். வாசகர்களில் பலருக்குக் கோபம்; தங்கள் சிறுவயதுப் புத்தகத்தைக் கெடுத்துவிட்டார் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. திரும்பி நில் என்று பிள்ளைகளுக்குச் சொன்ன ஒருவர், தன் முறை வந்தபோது தானும் திரும்பி நின்றார்.

நம் மரபில் தவறுக்கு என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். சிலம்பின் பாண்டியன் தன் தீர்ப்புத் தவறு என்று தெரிந்த கணத்தில் அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர்விட்டான். மனுநீதிச் சோழன் கன்றுக்காக மகனையே தேர்க்காலில் இட்டான். அரசர்களின் நீதி அது. அதன் பெருமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நான் பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு இருக்கிறவள். தேர்வு முடிவு வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் மனநல ஆலோசனைக்கான 104 என்ற உதவி எண்ணைச் செய்தித்தாள்களில் போடும் மாநிலத்தில் இருக்கிறேன். தவறு செய்தவர் மறுநாள் காலையில் எழுந்து பல் துலக்கி, பள்ளிக்கூடம் போய், எல்லார் முகத்தையும் பார்க்கிற கதை இந்தப் பிள்ளைகளுக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. கெட் அப்படி ஒருவன். அதே வரிசையின் இரண்டாம் நாவலில் வரும் டெனாரும் அப்படித்தான். ஐந்து வயதில் கோயிலுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, சொந்தப் பெயரைப் பறிகொடுத்து வளர்ந்தவள். பதின்வயதில் மூன்று கைதிகளைப் பட்டினி போட்டுக் கொல்லச் சொன்னவள். விடுதலை கிடைத்த பிறகும் அந்த மூன்று பேர் அவளை விடவில்லை. விடுதலை ஆனவுடன் சந்தோஷம் என்று லெ குவின் பொய் சொல்லவில்லை.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. எனக்குப் பதின்மூன்று வயது. பொருட்காட்சிக்குத் தோழிகளோடு போக வீட்டு அரிசி டப்பாவிலிருந்து பத்து ரூபாய் எடுத்துவிட்டேன். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காமேல் அம்மாவுக்குச் சந்தேகம். கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் பாடப் புத்தகத்தைப் பார்த்தேன். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. வேலை கிடைத்த பிறகு ஒருமுறை அவர் இருந்த தெருவுக்குப் போனேன். அந்த வரிசை வீடுகளையே இடித்திருந்தார்கள்.

நாற்பது வயதில் ஃபிலிப் புல்மனின் முப்பெரும் நாவல்களைப் படித்தேன். 1995ல் தொடங்கி 2000ல் முடிந்தவை. புல்மன் ஆக்ஸ்ஃபோர்டில் பள்ளி ஆசிரியராக இருந்து, பிள்ளைகளுக்கு ஹோமரின் கதைகளை வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லிக் கதை சொல்லப் பழகியவர். அவர் படைத்த உலகில் ஒவ்வொரு மனிதருடைய உயிரும் உடம்புக்கு வெளியே ஒரு விலங்காகக் கூடவே நடக்கும். டீமன் என்று அதற்குப் பெயர். சிறுபிள்ளைகளின் டீமன் நிமிடத்துக்கு ஓர் உருவம் எடுக்கும். அந்துப்பூச்சியாக இருக்கும், பூனையாக மாறும். பருவம் வந்ததும் ஏதோ ஓர் உருவில் நிலைத்துவிடும், அப்புறம் மாறாது. வயதுக்கு வருவதை இதைவிட நன்றாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

அதன் நாயகி லைரா சரளமாகப் பொய் சொல்லும் பெண். கடத்தப்பட்ட தன் தோழன் ரோஜரைத் தேடி வடதுருவப் பகுதி வரை போய் மீட்கிறாள். மீட்டவனைக் கூட்டிக்கொண்டு தன் தந்தையிடம் போகிறாள், அவருக்குத் தேவையான கருவியைத் தான் கொண்டுபோவதாக நினைத்து. கதவைத் திறந்த தந்தை மகளைப் பார்த்து நடுங்கிப் போகிறார். அவளுக்குப் பின்னால் நிற்கும் ரோஜரைப் பார்த்ததும்தான் அவருக்கு மூச்சு வருகிறது. அவருடைய சோதனைக்கு ஒரு குழந்தை தேவைப்பட்டது. எந்தக் குழந்தையாக இருந்தாலும் சரி, தன் மகளாக இல்லாவிட்டால் போதும். முதல் முறை படிக்கும்போது அந்த நிம்மதி எதற்கு என்று நமக்குப் புரியாது. சில பக்கங்கள் தள்ளிப் புரியும்போது ரோஜர் இறந்துவிட்டிருக்கிறான்.

மூன்றாம் நாவலில் லைரா இறந்தவர்களின் உலகத்துக்கே போகிறாள். உலகைக் காப்பாற்ற என்று புறப்படவில்லை. ரோஜரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறாள். போகும் வழியில் தன் டீமனைக் கரையில் விட்டுவிட்டுப் படகில் ஏற வேண்டியிருக்கிறது. அந்த உலகின் வாசலில் காவல் இருக்கும் ராட்சசப் பறவைகளிடம் வழக்கம்போல ஒரு கட்டுக்கதையை அவிழ்த்துவிடுகிறாள். அவை பாய்ந்து அவளைக் கிழிக்கின்றன. பிறகு, உள்ளே சூழ்ந்துகொண்ட குழந்தைகளின் ஆவிகளுக்கு, தான் ஆக்ஸ்ஃபோர்டின் களிமண் பள்ளங்களில் சண்டை போட்டு விளையாடியதை, சேற்றின் வாசனையோடு, உள்ளது உள்ளபடி சொல்கிறாள். பறவைகள் வந்து அமைதியாக உட்கார்ந்து கேட்கின்றன. உண்மை அவற்றுக்குச் சோறு போல. ரோஜர் அவள்மேல் கோபமாகவே இல்லை. பிறகு அங்கே திறக்கப்படும் வாசல் வழியாக முதலில் வெளியேறிக் காற்றில் கரைகிறவன் அவன்தான்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பதின்மூன்று வயதில் இது என் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கே அம்மாவிடம் போய்ச் சொல்லியிருப்பேனா? நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் இதைச் சொல்ல முடியும், சொன்ன பிறகும் உயிரோடு இருக்க முடியும் என்றாவது தெரிந்திருக்கும்.

கதைப் புத்தகம் படித்தால் பிள்ளைகள் கனவுலகில் மிதப்பார்கள் என்று பெற்றோர்கள் சொல்கிறீர்கள். கனவுலகில் மிதக்கவிடும் புத்தகங்கள் இருக்கின்றன, ஏராளமாகவே. பிறந்தபோதே தேர்ந்தெடுக்கப்பட்ட நாயகன், அவன் நினைத்ததெல்லாம் சரி, எதிரிகள் எல்லாரும் தீயவர்கள், எட்டாம் பாகத்திலும் அவன் அப்படியேதான் இருப்பான். 'பசி விளையாட்டுகள்' என்ற நாவல் வெற்றி பெற்ற பிறகு அதன் அச்சில் வார்த்த கொடுங்கோல் உலகக் கதைகள் வரிசையாக வந்தன. அவற்றில் பலவற்றை நான் பாதியில் வைத்துவிட்டேன். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நாயகனின் தவறுக்கு யார் விலை கொடுக்கிறார்கள், அந்த விலையை அவன் நினைவில் வைத்திருக்கிறானா? உங்கள் பிள்ளைகள் எல்லாரும் படித்திருக்கும் ஹாரி பாட்டரின் ஐந்தாம் பாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 2003ல் வந்தது. ஒரு பொய்க்கனவை நம்பி, தோழி தடுத்தும் கேட்காமல் ஹாரி ஓடுகிறான். அவனைக் காப்பாற்ற வந்த அவனுடைய ஞானத்தந்தை சிரியஸ் இறக்கிறார். பிறகு தலைமையாசிரியர் அந்தப் பையன் முன்னால் உட்கார்ந்து, உன்னிடம் உண்மையைச் சொல்லாமல் வைத்திருந்தது என் தவறு என்று ஒப்புக்கொள்கிறார். ஒரு தலைமையாசிரியர் மாணவனிடம் அப்படிப் பேசுவதைப் படித்தபோது, நம் பிள்ளைகளின் முகத்தில் வந்த ஆச்சரியத்தை நான் பார்த்திருக்கிறேன்.

'பசி விளையாட்டுகள்' 2008ல் வந்தது. அதை எழுதிய சூசன் காலின்ஸின் தந்தை வியட்நாம் போரில் பணியாற்றிய விமானப்படை அதிகாரி. ஒரு சேனலில் போட்டி நிகழ்ச்சி, இன்னொரு சேனலில் இராக் போர். மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இரவில் இரண்டும் ஒன்றாகக் கலந்து கதை பிறந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அதில் வரும் மூன்று விரல் வணக்கத்தை 2014ல் தாய்லாந்தில் ராணுவ ஆட்சியை எதிர்த்த இளைஞர்கள் தெருவில் காட்டினார்கள், கைதும் ஆனார்கள். 2021ல் மியான்மரிலும் அதே மூன்று விரல். கனவுலகம் என்று இதைச் சொல்லிவிட முடியுமா?

தவறைப் போலவே குறைகளையும் மறைக்காத நாவல் ஒன்று உண்டு, மேடலின் லெங்கிள் எழுதியது, 1962ல் வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய பிறகு அச்சேறி, மறு ஆண்டே நியூபெரி பதக்கம் வாங்கியது. பிரபஞ்சத்தின் வேறொரு மூலையில் சிறைப்பட்ட தந்தையைத் தேடிப் போகும் மெக் என்ற பெண்ணுக்கு, வழிகாட்டியாக வந்த விசித்திரப் பெண்மணி ஒரு பரிசு கொடுக்கிறாள். உன்னுடைய குறைகளையே உனக்குத் தருகிறேன் என்கிறாள். கோபம், பிடிவாதம், பொறுமையின்மை. எல்லாரும் ஒரே தாளத்தில் பந்து தட்டும் அந்தக் கிரகத்தில் அவளைக் காப்பாற்றுவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. தந்தையைக் கண்டுபிடித்த பிறகு அவளுக்கு வரும் பெரிய ஏமாற்றம், அப்பாவாலும் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியவில்லை என்பது. அப்பாவை அவள் திட்டித் தீர்க்கிறாள். அந்தப் பக்கங்களைப் படித்துச் சொன்னபோது ஒரு பெண் பிள்ளை என்னிடம், "இப்படியெல்லாம் புஸ்தகத்துல எழுதலாமா டீச்சர்?" என்று கேட்டாள்.

இத்தகைய நூல்களைப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்த்ததில் நூலகர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை இந்த மேடையில் சொல்லாமல் விடக் கூடாது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மார்கரெட் எட்வர்ட்ஸ் என்ற நூலகர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குதிரை வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஏழைகளின் தெருக்களுக்குப் போனவர். பதின்வயதினருக்கான நூலகப் பணி தனித் துறையாக வளர்ந்ததில் அவருக்கு முக்கிய இடம் உண்டு. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் உண்டு என்பதை விதியாகவே வகுத்து 1931ல் நூல் எழுதிய ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். அப்படியிருந்தும், நம் நூலகங்களில் சிறுவர் பகுதி இருக்கிறது, பெரியவர் பகுதி இருக்கிறது, நடுவில் இருக்கிறவனுக்கு அலமாரி இல்லை. என் தலைமுறை அம்புலிமாமாவிலிருந்து நேரே சுஜாதாவுக்குத் தாவியது. 'என் இனிய இயந்திரா'வின் ஜீனோ என்ற இயந்திர நாயை வாராவாரம் விகடனில் தேடிப் படித்தோம். அது பெரியவர்களுக்காக எழுதப்பட்டது; எங்களுக்கு எட்டிய வரைக்கும் எடுத்துக்கொண்டோம். தமிழில் பதினான்கு வயதுக்காக எழுதப்போகும் ஒருவர் இந்தக் கூட்டத்தில் பின்சுவரோரம் நிற்கக்கூடும் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை படிக்கும் புத்தகத்தை நீங்களும் படியுங்கள். தணிக்கை செய்வதற்காகப் படிக்காதீர்கள். படித்து முடித்தவுடன் இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்றும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி கதையைப் பாடமாக்கிவிடும். உங்களுக்கு எந்த இடம் வலித்தது என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள்.

சென்ற ஆண்டு லோயிஸ் லோரி 1993ல் எழுதிய 'தி கிவர்' நாவலைப் படித்தோம். வலியே இல்லாத ஓர் ஊர். அங்கே நினைவுகளை எல்லாம் ஒரே ஒரு கிழவர் சுமக்கிறார். பன்னிரண்டு வயது ஜோனஸுக்கு அவற்றைக் கைமாற்றுகிறார். லோரியின் தந்தை முதுமையில் நினைவு மங்கி, இறந்துபோன மூத்த மகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியும் இந்த நாவலுக்கு ஒரு விதை. வலியை மறந்தவர் நிம்மதியாக இருக்கிறாரே என்று மகளுக்குத் தோன்றியிருக்கிறது, உடனே அதுவே அச்சமாகவும் இருந்திருக்கிறது. ஜோனஸின் அப்பா நல்லவர், அன்பானவர். எடை குறைந்த பச்சைக் குழந்தைக்கு ஊசி போட்டுக் கொன்றுவிட்டு, குழந்தைக்குக் கை அசைத்து விடைகொடுக்கிறார். தான் செய்வது என்னவென்றே அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவருக்கு நினைவு இல்லை. கடைசியில் ஜோனஸ் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பனிமலையில் சறுக்கி இறங்குகிறான், கீழே விளக்கு வெளிச்சம் தெரிகிறது, கதை நின்றுவிடுகிறது.

பிழைத்தானா, செத்தானா என்று அந்தச் சனிக்கிழமை பெரிய சண்டை. ஒன்பதாம் வகுப்பு முழுவதும் பிழைத்தான் கட்சி. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும், "அவங்க அப்பா இன்னும் அந்த ஊர்லதானே இருக்காரு, அவருக்கு யாரு சொல்லுவாங்க?" என்றாள். சண்டை நின்றுவிட்டது. ஜோனஸ் ஓடிவந்ததால் அவனுடைய நினைவுகள் ஊருக்குத் திரும்பிப் போகும் என்று கதையில் இருக்கிறது. அப்படியென்றால் அந்த அப்பா ஒருநாள் காலையில் எழுந்து, தன் கையால் செய்தது எல்லாம் ஞாபகம் வந்து உட்கார்ந்திருப்பார். அவருக்கு அப்போது யார் துணை என்பது அவளுடைய கேள்வி. அவளுக்குப் பதின்மூன்று வயது. என்னிடம் பதில் இல்லை.

இப்போது புல்மனின் மூன்றாம் நாவலில் இருக்கிறோம். நான்கு பிரதிகள்தான், இரண்டு பேர் சேர்ந்து ஒன்றைப் பார்த்துக்கொள்கிறார்கள். போன வாரம் லைரா கரைக்கு வந்து சேர்ந்துவிட்டாள், படகுக்காரர் காத்திருக்கிறார், டீமன் அவள் கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே நிறுத்தினேன். சனிக்கிழமை மூன்று மணி, கிளை நூலகம், மாடியில். பெற்றோர்கள் வருவதாக இருந்தால் பின்வரிசையில் உட்காருங்கள், முன்வரிசை பிள்ளைகளுடையது.